கிரேக்க எழுத்தும் நான்கு குரலும்: அமெரிக்கக் கல்லூரி இசை ஃப்ரட்டர்னிட்டியில் சேர நினைப்பவர்களுக்கு

ஆகஸ்ட் கடைசியில் கல்லூரி திறந்த முதல் வாரம். புல்வெளியில் வரிசையாக மேசை போட்டு மாணவர் சங்கங்கள் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தன. செஸ், ரோபோ, இந்திய மாணவர் சங்கம் எல்லாவற்றையும் தாண்டிப் போனால், ஒரு மேசைக்குப் பின்னால் ஏழெட்டுப் பையன்கள் கையில் தாள்கூட இல்லாமல் நான்கு குரலில் பாடிக்கொண்டு நின்றார்கள். மேசை விரிப்பில் மூன்று கிரேக்க எழுத்துகள், அவர்களுடைய ஃப்ரட்டர்னிட்டியின், அதாவது சகோதர சங்கத்தின் பெயர். பாட்டு முடியும்வரை என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்து, "ஃப்ரட்டர்னிட்டி ஒண்ணுல சேரலாம்னு இருக்கேன்மா" என்றேன். "அங்கெல்லாம் குடிச்சிட்டுக் கும்மாளம் போடுவாங்கன்னு உங்க சித்தப்பா சொன்னாரேப்பா" என்றார். சித்தப்பா சொன்னதில் பொய் இல்லை, அப்படிப்பட்டவையும் உண்டு. ஆனால் நான் பார்த்தது வேறு வகை. அந்த வேறுபாட்டை அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எது எது என்று பிரித்துப் பாருங்கள்

கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்திருக்கும் மாணவர் அமைப்புகள் எல்லாம் ஒன்றல்ல. பெரிய வீடு எடுத்துச் சேர்ந்து தங்கி, வார இறுதியில் விருந்து நடத்துபவை ஒரு வகை. நம் ஊரில் 'ஃப்ரட்டர்னிட்டி' என்றதும் நினைவுக்கு வருவது இதுதான். மதிப்பெண்ணைப் பார்த்துத் தாமே அழைத்துக் கௌரவிக்கும் அமைப்புகள் இரண்டாவது வகை. இசை மாணவர்களுக்கு அப்படி இருப்பது 1918இல் தொடங்கிய பை கப்பா லாம்டா. இதற்கு நீங்களாக விண்ணப்பம் போட முடியாது, நன்றாகப் படித்தால் அழைப்பு வரும். மூன்றாவது வகைதான் நம் விஷயம்: இசையைக் காரணமாக வைத்துச் சேர்ந்து, ஆயுள் முழுக்க உறவு கொண்டாடும் அமைப்புகள்.

இந்த மூன்றாவது வகையிலும் பல உண்டு. ஃபை மியூ ஆல்ஃபா சின்ஃபோனியா 1898இல் பாஸ்டனில் பிறந்தது, ஆண்களுக்கானது. சிக்மா ஆல்ஃபா அயோட்டா 1903 ஜூனில் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் ஏழு பெண்கள் தொடங்கியது. பெண்களுக்கானது என்றாலும் தன்னை ஃப்ரட்டர்னிட்டி என்றே அழைத்துக்கொள்கிறது. அதே ஆண்டு நவம்பரில் சின்சினாட்டியில் மு ஃபை எப்சிலானும், 1909இல் அதே ஊரில் டெல்டா ஓமிக்ரானும் வந்தன. இரண்டும் பெண்களுக்கெனத் தொடங்கி இன்று எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. பேண்டு வாத்தியக்காரர்களுக்கு கப்பா கப்பா சை, டௌ பீட்டா சிக்மா என்று இரண்டு.

பேண்டில் இருப்பவர்கள் கடைசி இரண்டையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கப்பா கப்பா சை 1919 நவம்பர் 27 அன்று ஓக்லஹோமா மாநிலத்து ஸ்டில்வாட்டரில், அன்று ஓக்லஹோமா ஏ அண்டு எம் எனப்பட்ட கல்லூரியில் தொடங்கியது. யோசனை வில்லியம் ஸ்க்ராக்ஸ் என்ற மாணவருடையது. துணை நின்றவர் பேண்டு இயக்குநர் போஹுமில் மகோவ்ஸ்கி, பொஹீமியாவிலிருந்து இளம் வயதில் குடியேறியவர். அந்த அமைப்பின் வேலை பேண்டுக்குத் தொண்டு செய்வது. வாத்தியங்களை லாரியில் ஏற்றி இறக்குவது, அணிவகுப்பின்போது தண்ணீர் கொடுப்பது, வெளியூர் பேண்டு வந்தால் வரவேற்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இப்போது அவர்களின் தலைமையகம் ஸ்டில்வாட்டரின் பழைய ரயில் நிலையம். 1991இல் வாங்கினார்கள்.

டௌ பீட்டா சிக்மாவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. டெக்சஸ் டெக் கல்லூரியில் வாவா பேன்ஸ் என்ற மாணவி, பேண்டில் இருக்கும் பெண்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1940களில் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு பாடுபட்டார். அந்த மாநிலத்தில் தேசிய அமைப்பாகப் பதிவு செய்யச் சட்டச் சிக்கல் இருந்தது. ஓக்லஹோமாவில் இருந்த பெண்கள் பேண்டு சங்கத்தை முதல் கிளையாகப் பதியச் சொல்லிக் கேட்டார்கள். 1946 மார்ச் 26 அன்று அது நடந்தது. முதல் கிளை என்பதால் 'ஆல்ஃபா' என்ற கிரேக்க முதலெழுத்து அதற்குப் போனது. யோசித்து உழைத்த டெக்சஸ் பெண்கள் 'பீட்டா' என்ற இரண்டாம் எழுத்தை வாங்கிக்கொண்டார்கள். 'ஆல்ஃபா' என்ற பெயரை விட்டுக்கொடுத்து அமைப்பைப் பிறக்கவைத்த அந்தப் பெண்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

கல்வி நிலையங்களில் பால் பாகுபாடு கூடாது என்ற அமெரிக்கச் சட்டம் 1972இல் வந்தது. அதையொட்டி 1977இல் கப்பா கப்பா சை பெண்களையும், டௌ பீட்டா சிக்மா ஆண்களையும் சேர்க்கத் தொடங்கின. சமூக நட்பு அமைப்புகளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அந்த வழியில் சின்ஃபோனியா ஆண்களுக்காகவும் சிக்மா ஆல்ஃபா அயோட்டா பெண்களுக்காகவும் தொடர்கின்றன. ஆண்கள் மட்டும் என்பது சரியா என்று என்னைக் கேட்டால், சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி மனத்திலிருந்து போகவில்லை என்பேன். பாட்டு வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னைவிட நன்றாகப் பாடுவாள். அவளுக்கு அந்தக் கதவு இல்லை. உங்களுக்கும் இது உறுத்தினால் எல்லோருக்கும் திறந்த அமைப்பைத் தேடுங்கள், அதில் நீங்கள் இழப்பது எதுவும் இல்லை.

இனி நான் சொல்லும் முறைகள் நான் இருந்த சின்ஃபோனியாவை வைத்து. மற்றவற்றிலும் நடைமுறை ஏறக்குறைய இப்படித்தான்.

எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள்

முதல் சந்திப்பிலேயே உங்களிடம் சொல்லப்படும் பெயர் ஒசியன் எவரெட் மில்ஸ். பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் அவர் பாட்டு வாத்தியார் அல்ல. மாணவர்களின் கட்டணக் கணக்கைப் பார்த்த அலுவலர். ஊரை விட்டு வந்து தனியறையில் தங்கிப் படிக்கும் பையன்கள் ஒருவரை ஒருவர் தெரியாமலே மூன்று வருஷம் கழித்துப் போவதைக் கணக்கு மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்தவர் அவர். அவர்களைக் கூட்டி 1898 அக்டோபர் 6 அன்று 'சின்ஃபோனியா கிளப்' தொடங்கினார்.

பெயர் வைத்தவர் அப்போது கன்சர்வேட்டரியின் இயக்குநராக இருந்த ஜார்ஜ் சாட்விக், புகழ்பெற்ற இசையமைப்பாளர். அவர் இளமையில் ஜெர்மனியின் லைப்சிக்கில் படித்தவர். அங்கே தாம் இருந்த மாணவர் சங்கத்தின் பெயரை இதற்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அமெரிக்கர் ஒருவர் இசையமைப்பாளர் ஆக வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தால்தான் மதிப்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அமைப்பின் நோக்க வாசகத்தில் 'அமெரிக்காவில் இசையை வளர்ப்பது' என்று ஏன் இருக்கிறது என்பது விளங்கும். நோக்கம் நான்கு: உண்மையான சகோதர உணர்வு, இசை மாணவர்களின் நலம், அமெரிக்காவில் இசை வளர்ச்சி, படித்த கல்லூரிமேல் பற்று.

1900இல் பிலடெல்பியாவில் இரண்டாவது கிளை வந்ததும் இது தேசிய அமைப்பானது. கிளைகளுக்குத் தொடங்கிய வரிசையில் கிரேக்க எழுத்து வைப்பார்கள். பாஸ்டன் ஆல்ஃபா, பிலடெல்பியா பீட்டா. எழுத்துகள் தீர்ந்ததும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் போனார்கள். 'ஆல்ஃபா ஆல்ஃபா' மட்டும் கல்லூரிக் கிளை அல்ல, அது கௌரவ உறுப்பினர்களுக்கானது. அணிவகுப்பு இசையின் மன்னர் என்று சொல்லப்படும் ஜான் ஃபிலிப் சூசா, இசையமைப்பாளர்கள் ஏரன் கோப்லாண்ட், லியனார்டு பெர்ன்ஸ்டைன் போன்றவர்கள் சின்ஃபோனியர்கள். நடிகர் ஆண்டி கிரிஃபித் வட கரோலினாவில் மாணவராக இருந்தபோதே சேர்ந்தவர். பெயர்ப் பட்டியல் நன்றாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மயங்கிச் சேராதீர்கள். உங்கள் கல்லூரிக் கிளை என்பது அங்கே இப்போது இருக்கும் பத்து இருபது பேர்தான்.

உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று பாருங்கள்

இது எளிது. மாணவர் அமைப்புகள் அலுவலகத்தில் பதிவுப் பட்டியல் இருக்கும். பேண்டு இயக்குநரையோ பாடகர் குழு இயக்குநரையோ கேட்டால் இன்னும் நல்லது, எந்தக் கிளை உயிரோடு இருக்கிறது, எது பெயருக்கு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இசைத் துறைக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையையும் பாருங்கள்.

இசையை முதன்மைப் பாடமாக எடுத்திருக்க வேண்டுமா? சின்ஃபோனியாவில் வேண்டாம். எங்கள் கிளையில் பாதிப் பேர் பொறியியலும் வேதியியலும் படித்தவர்கள். இசைமேல் ஆசை வேண்டும், அதில் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். பேண்டு அமைப்புகளில் கல்லூரிப் பேண்டில் இருப்பது கேட்கப்படும். நான் கர்நாடக இசை ஐந்தாறு வருஷம் கற்றுக்கொண்டு போனவன், மேற்கத்திய இசைக்குறியீடு ஓர் எழுத்தும் தெரியாது. அது தடையாகவே இல்லை.

'ரஷ்' வாரத்தில் கேளுங்கள், பேசுவதைவிடக் கவனியுங்கள்

செமஸ்டர் தொடக்கத்தில் இரண்டு வாரம் திறந்த சந்திப்புகள் நடக்கும். அதை 'ரஷ்' என்பார்கள். பீட்சா, பந்து விளையாட்டு, பாட்டு, அமைப்பைப் பற்றிய பேச்சு. குறைந்தது மூன்று சந்திப்புக்காவது போங்கள். முதல் நாள் எல்லோரும் நல்ல முகம் காட்டுவார்கள். மூன்றாம் நாள்தான் அவர்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது தெரியும். புதிதாக வந்து ஓரமாக நிற்பவனிடம் யாராவது போய்ப் பேசுகிறார்களா என்று பாருங்கள்.

கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு, ஒவ்வொரு செமஸ்டருக்கும் சந்தா எவ்வளவு, தவணையில் கட்டலாமா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகும்? போன வருஷம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போதும் வருகிறார்கள்? தேர்வு வாரத்தில் என்ன செய்வீர்கள்? கடைசியாக எப்போது மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ போய்ப் பாடினீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு முக்கியம். தேதி சொல்லிப் பதில் வந்தால் அந்தக் கிளை நல்ல கிளை.

மாலை விருந்தில் மது இருந்தால் நீங்கள் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் 21 வயது ஆகாதவர்களுக்கு அது சட்டப்படியும் கிடையாது. சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டு இரண்டு வாரம் ரொட்டியும் தக்காளியும் தின்றேன். சொன்ன மறுநாளே எனக்கென்று தனியாகச் சீஸ் பீட்சா வந்தது.

ரஷ் முடிந்ததும் நேர்காணல் இருக்கும். ஏன் சேர விரும்புகிறீர்கள், இசை உங்களுக்கு என்ன என்று கேட்பார்கள். மனப்பாடமாக எதையும் தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். எங்கள் தெரு பிள்ளையார் கோவிலில் மார்கழி மாதம் விடியற்காலையில் பாடியதைச் சொன்னேன். குளிரில் வாயிலிருந்து புகை வருமா என்று ஒருவன் கேட்டான். அவ்வளவு குளிராது என்றேன், எல்லோரும் சிரித்தார்கள், பேச்சு அங்கிருந்து தானாக ஓடியது. பிறகு உறுப்பினர்கள் கூடி வாக்களித்து அழைப்பு அனுப்புவார்கள். அழைப்பு வராமலும் போகலாம். அடுத்த செமஸ்டரில் மறுபடி வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக் காலம்: எது பாடம், எது ராகிங்

அழைப்பை ஏற்றால் சில வாரங்கள் பயிற்சி உறுப்பினராக இருப்பீர்கள். வாரம் ஒரு வகுப்பு நடக்கும். அமைப்பின் வரலாறு, நோக்க வாசகம், அதிகாரிகளின் பொறுப்புகள், பாட்டுகள். மூத்த உறுப்பினர் ஒருவரை உங்களுக்கு அண்ணனாக அமர்த்துவார்கள், அவர்கள் மொழியில் 'பிக் பிரதர்'. பாடத்தில் சந்தேகம், ஊர்ப் பழக்கம், குளிர்காலத்துக்கு எந்தச் சப்பாத்து வாங்குவது எல்லாவற்றுக்கும் அவரைக் கேட்கலாம். பயிற்சியாளர்கள் சேர்ந்து ஒரு நிகழ்ச்சியையோ தொண்டு வேலையையோ நடத்திக்காட்டச் சொல்வதும் வழக்கம்.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் ராகிங் என்பதை அங்கே 'ஹேசிங்' என்பார்கள். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது என்பது நமக்குத் தெரியும். அமெரிக்காவின் இசை உலகமும் இப்படி ஓர் உயிரைக் கொடுத்திருக்கிறது. 2011 நவம்பரில் ஃபுளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற அணிவகுப்புப் பேண்டில் இருந்த ராபர்ட் சாம்பியன் என்ற 26 வயது இளைஞர், ஆர்லாண்டோவில் பேண்டின் பேருந்துக்குள் சக மாணவர்கள் அடித்ததில் இறந்துபோனார். 'மரபு' என்ற பெயரில் நடந்த அடி அது. அந்தப் பேண்டை 2013 வரை நிறுத்திவைத்தார்கள்.

ஆகவே மரபு என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள். பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்வது பாடம். தப்பாகப் பாடினால் தண்டால் எடுக்கச் சொல்வது ராகிங். கூட்டத்துக்கு நேரத்துக்கு வரச் சொல்வது ஒழுங்கு. இரவு இரண்டு மணிக்கு எழுப்பிக் காரில் ஏற்றி எங்கே போகிறோம் என்று சொல்லாமல் கொண்டுபோவது ராகிங். உணவு, தூக்கம், வகுப்பு மூன்றில் எதைத் தடுத்தாலும், பழைய உறுப்பினரின் துணியைத் துவைப்பது போன்ற எடுபிடி வேலையைச் சொன்னாலும், மது குடிக்க வற்புறுத்தினாலும் அது ராகிங்தான். நீங்களே சம்மதித்தீர்கள் என்பது பல மாநிலச் சட்டங்களில் அவர்களுக்குத் தப்பிக்கும் வழியாகாது. இந்த அமைப்புகளின் தேசிய விதிகளும் இதைத் தெளிவாகத் தடுக்கின்றன.

செய்ய வேண்டிய ஒரு நல்ல காரியம்: 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டரசுச் சட்டப்படி, ராகிங் செய்ததாகக் கண்டறியப்பட்ட அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும். சேருமுன் உங்கள் கல்லூரியின் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். ஏதாவது நடந்தால் மாணவர் நல அலுவலகத்துக்கோ தேசியத் தலைமையகத்துக்கோ எழுதுங்கள். விசா போய்விடுமோ என்று பயந்து வாய்மூடி இருக்காதீர்கள். புகார் கொடுப்பதால் மாணவர் விசா போகாது.

நான்கு குரலில் பாடக் கற்றுக்கொள்வது

எனக்கு மிகவும் கடினமாக இருந்ததும், கடைசியில் மிக அதிகம் தந்ததும் இதுதான். நம் பாட்டில் எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் மெட்டு ஒன்று. ஆண்குரல் குழுவில் மேல் குரலிலிருந்து கீழ்க் குரல் வரை முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிட்டோன், பாஸ் என்று நான்கு வரி, நான்கும் வேறு வேறு. என்னைப் பாரிட்டோனில் போட்டார்கள். பக்கத்தில் டெனர் பாடுபவன் வாயைத் திறந்ததும் என் காது அவன் பின்னால் ஓடிவிடும். முதல் மாதம் முழுக்க இப்படித்தான்.

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். உங்கள் வரியை மட்டும் யாரையாவது பியானோவில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதை ஸ்வரமாக எழுதிக்கொண்டு ஸரிகம சொல்லிப் பாடிப் பாருங்கள். மேற்கத்திய முதல் ஸ்வரமான 'டோ' உங்கள் ஸட்ஜம் என்று வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். வரி உறுதியானதும் அதே பதிவோடு வேறொருவரை மெட்டைப் பாடச் சொல்லி நடுவில் நீங்கள் அசையாமல் நில்லுங்கள். கடைசியாகத்தான் முழுக் குழு.

கர்நாடக இசை கற்றவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கமகத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஸ்வரத்துக்குக் கீழேயிருந்து இழுத்துக்கொண்டு போய் நிற்பது நமக்கு அழகு. நான்கு குரல் சேரும் இடத்தில் அந்த இழுப்பு மற்ற மூவரின் சுருதியையும் கலைத்துவிடும். நேராகப் போய் ஸ்வரத்தின்மேல் இறங்க வேண்டும், அசையாமல் பிடிக்க வேண்டும். மூச்சை எல்லோரும் ஒரே இடத்தில் விடக் கூடாது, பக்கத்தில் நிற்பவனோடு பேசி மாற்றி மாற்றி விட வேண்டும். பாட்டின் நடுவே எழுத்தை விழுங்காமல் உயிரெழுத்தில் வாயை எல்லோரும் ஒரே அளவு திறக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பலன் என்ன தெரியுமா? நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவை மீட்டினால் யாரும் வைக்காத அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும் அல்லவா? பக்கவாத்தியம் இல்லாமல் நான்கு ஆண்குரல் சரியாகச் சேர்ந்தால் அதே காந்தாரம் அறைக்குள் வந்து நிற்கிறது. யாரும் பாடாத ஸ்வரங்களும் மேலே கேட்கும். நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாடிப்படிக்குக் கீழே நின்று ஒத்திகை பார்த்தபோது முதல்முறையாக அதைக் கேட்டேன். அன்று வகுப்புக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சடங்கும் சின்னமும்

பயிற்சி முடிந்ததும் உறுப்பினராகச் சேர்க்கும் சடங்கு. அதில் என்ன நடக்கும் என்பது உறுப்பினர்களுக்கு மட்டும், நானும் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் ரகசியம் என்ற சொல்லுக்குப் பயந்துவிடாதீர்கள். உங்கள் சமய நம்பிக்கைக்கு இடைஞ்சல் வருமா, உடலுக்கு ஏதாவது செய்வார்களா என்று முன்கூட்டியே கேட்கலாம். சடங்கைச் சொல்லாமலே இவற்றுக்குப் பதில் சொல்ல அவர்களால் முடியும், சொல்ல வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் யோசியுங்கள். நல்ல உடை, சப்பாத்து, ஒரு மாலைப்பொழுது முழுக்கத் தேவை. அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வெளியில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்களைச் சொல்லலாம். நிறங்கள் சிவப்பு, கறுப்பு, பொன். மலர் சிவப்புச் சாமந்தி. ஊரில் மாலையாகவும் சரமாகவும் பார்த்த பூவை அங்கே கோட்டில் ஒற்றையாகக் குத்தியிருப்பதைப் பார்த்தபோது எனக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. லைர் என்ற பழைய கிரேக்க நரம்பு வாத்தியத்தின் படம் எங்கும் இருக்கும். இந்தியானா மாநிலம் எவன்ஸ்வில் நகரில் உள்ள தலைமையகத்தின் பெயரே லைர்க்ரெஸ்ட். அமைப்பின் சின்னம் பொறித்த பேட்ஜைச் சட்டையில் இதயத்தின் பக்கம் குத்துவார்கள். கிரேக்க எழுத்துப் போட்ட சட்டையைச் சேருமுன் இரவல் வாங்கிக்கூடப் போடாதீர்கள், மனம் நோவார்கள். ஒருமுறை சின்ஃபோனியர் என்றால் என்றைக்கும் சின்ஃபோனியர் என்பது அவர்கள் சொல்வழக்கு. படிப்பு முடித்து வேறு ஊர் போன பிறகும் அது பொருந்தும்.

விசா, பணம், நேரம்

மாணவர் விசாவில் இருப்பவர்கள் சங்கத்தில் சேரத் தடையில்லை. தொண்டாகப் பாடுவதும் சரி. ஆனால் கல்யாண வரவேற்பிலோ உணவகத்திலோ பணம் வாங்கிக்கொண்டு பாட யாராவது கூப்பிட்டால், அது வேலை. அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்வது விசாவைப் பாதிக்கும். முதலில் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

சந்தா கட்ட முடியாத நிலை வந்தால் பொருளாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். கட்டாமல் ஒளிந்துகொள்வதுதான் உறவைக் கெடுக்கும். மதிப்பெண் குறைந்தால் பொறுப்பு எதையும் ஏற்காதீர்கள்.

வருஷ வழக்கங்களும் மருத்துவமனைப் பாட்டும்

அக்டோபர் 6 நிறுவனர் நாள். அன்று பழைய மாணவர்கள் வருவார்கள், கூடிப் பாடுவார்கள். அமெரிக்க இசையமைப்பாளர்களின் படைப்புகளை மட்டும் வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்துவது இன்னொரு வழக்கம். நோக்க வாசகத்தின் மூன்றாவது வரிக்கு அவர்கள் கொடுக்கும் செயல் வடிவம் அது. என் கிளையில் அப்படித்தான் கோப்லாண்டை முதலில் கேட்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் மூத்தது மில்ஸின் வழக்கம். கிளப் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஈஸ்டர் சமயத்தில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பாஸ்டன் மருத்துவமனைகளுக்குப் போய், நோயாளிகளுக்குப் பூக்கள் கொடுத்துப் பாடிவிட்டு வருவார் அந்தக் கணக்கு அலுவலர். அதன் தொடர்ச்சியாகத்தான் இன்று 'மில்ஸ் மியூசிக் மிஷன்' என்ற பெயரில் கிளைகள் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் போகின்றன. என்னைக் கேட்டால் அமைப்பு இந்த வேலையிலிருந்து பிறந்தது. மற்றவை பிறகு வந்து சேர்ந்தவை.

முதல்முறை போகும்போது தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன. முன்கூட்டியே அனுமதி வாங்கி, எந்த வார்டு, எத்தனை பேர் என்று செவிலியரிடம் பேசி வைத்திருப்பார்கள். சளி, இருமல் இருந்தால் அன்று போகவே கூடாது. வாசனைத் திரவியம் போடாதீர்கள். பூ கொண்டுபோவதற்குமுன் கேளுங்கள், பல வார்டுகளில் இப்போது அனுமதிப்பதில்லை. பாதி மூடிய கதவு என்றால் நடைவழியிலேயே நின்று பாடுங்கள். திறந்த கதவு என்றாலும் செவிலியர் கேட்டுச் சொன்ன பிறகே உள்ளே போங்கள். படம் எடுக்காதீர்கள். மேடைக் குரல் வேண்டாம், அறையின் அளவுக்குப் பாடினால் போதும். மெதுவாகப் பாடும்போது சுருதி இறங்கும், அதனால் சுருதி கொடுக்கும் சின்ன ஊதலான பிட்ச் பைப் ஒன்று யாராவது சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

நாங்கள் போன ஒரு முதியோர் இல்லத்தில், பேச்சு நின்றுபோயிருந்த ஒரு தாத்தா சக்கர நாற்காலியில் இருந்தார். இரண்டாவது பாட்டில் அவர் உதடு அசைந்தது. பாஸ் வரியைப் பாடுகிறார் என்று எங்கள் பாஸ்காரன்தான் முதலில் கண்டுகொண்டான். வரிசையை விட்டு நகர்ந்து போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, தன் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவரோடு சேர்ந்து பாடினான். முடிந்ததும் தாத்தா ஒரு விரலை உயர்த்திக் காட்டினார், இன்னொரு முறை என்று. பிட்ச் பைப்பை எடுத்து மறுபடி ஸ்வரம் கொடுத்தோம்.